மவுத் ஆர்கன் வாங்கும் முன்: ட்ரெமலோவா, டயடானிக்கா, குரோமேட்டிக்கா?

சென்னையில் பொழுதுபோக்குக்காக மவுத் ஆர்கன் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு ஒரு விசித்திரமான சிக்கல் காத்திருக்கிறது. கடைக்குப் போய் "மவுத் ஆர்கன் கொடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்து வைப்பது 24 துளை ட்ரெமலோ. வீட்டுக்கு வந்து யூடியூபைத் திறந்தால், பாடம் நடத்துகிறவர்களில் பலர் கையில் இருப்பது 10 துளை டயடானிக். நாம் வாசிக்க ஆசைப்படுவதோ சினிமாப் பாட்டு. அதில் நிறையப் பாட்டுகளுக்கு இந்த இரண்டும் போதாது, பக்கத்தில் பொத்தான் வைத்த குரோமேட்டிக் வேண்டும். கடை ஒன்றைத் தருகிறது, பாடம் இன்னொன்றைக் கேட்கிறது, பாட்டு மூன்றாவதைக் கேட்கிறது. வாங்கிய மூன்றே மாதத்தில் பெட்டி அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விடுவதற்கு இதுதான் முதல் காரணம் என்பது என் கணிப்பு. சோம்பேறித்தனமெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

அதனால் ஹோனரா சுசுகியா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். எந்த வகை என்பது முடிவானால் பிராண்டு தானாகவே பாதி முடிவாகிவிடும்.

மூன்றுக்குள்ளும் இருக்கும் சங்கதி ஒன்றுதான். மெல்லிய உலோக நாக்கு, அதாவது ரீடு, காற்று பட்டால் அதிர்கிறது. ஹார்மோனியத்திலும் பழைய சுருதிப்பெட்டியிலும் இருப்பது இதே குடும்பத்து ரீடுதான். வித்தியாசம், ஸ்வரங்களை எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள், எவற்றை விட்டுவிட்டிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஊதினால் ஒரு ஸ்வரம், மூச்சை உள்ளே இழுத்தால் இன்னொரு ஸ்வரம் என்பது மூன்றுக்கும் பொது.

ஒப்பிட்டுப் பார்க்க நமக்குச் சுலபமான ஒரு பரீட்சை கைவசம் இருக்கிறது: கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடமான சரளி வரிசை. சின்ன வயதில் பாட்டு டீச்சரிடம் போன யாருக்கும் அது மறக்காது. மாயாமாளவகௌளை ராகம், ச, சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், ப, சுத்த தைவதம், காகலி நிஷாதம். இந்த ஒரு வரியை மூன்று வாத்தியத்திலும் வாசிக்கப் பார்த்தாலே போதும், எது எதற்கு லாயக்கு என்று தெரிந்துவிடும்.

கடை தருவது

ட்ரெமலோவில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மேலும் கீழுமாக இரண்டு ரீடுகள். ஒன்றிலிருந்து மற்றதைச் சுருதியில் ஒரு நூல் தள்ளி வைத்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது எழும் அலைதான் அந்த நடுங்கும் குரல். பழைய படங்களில் நாயகன் மலைப்பாதையில் தனியாக நடக்கும்போது வருமே, அந்த மாதிரி.

ஆரம்பித்த அன்றைக்கே ஒரு பாட்டு வந்துவிடும் என்பது இதன் பெரிய கவர்ச்சி. காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு கட்டம் ஊதினால் மட்டும் பேசும், அடுத்த கட்டம் இழுத்தால் மட்டும் பேசும். வாய் கொஞ்சம் அகலமாகி இரண்டு கட்டத்தை மூடிவிட்டாலும் ஒலிப்பது ஒன்றுதான். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒற்றை ஸ்வரம் சுத்தமாகக் கேட்பது எவ்வளவு பெரிய ஊக்கம் என்று சொல்லவே வேண்டாம். விலையும் குறைவு. சாதாரண ரகம் சில நூறு ரூபாயில் ஆரம்பிக்கிறது; சுசுகி, டோம்போ போன்ற ஜப்பானியக் கம்பெனிகளின் நல்ல ரகம் சில ஆயிரம் வரை போகும்.

சரி, சரளி வரிசை? சி ஸ்கேல் ட்ரெமலோவில், அதாவது மேற்கத்திய சி ஸ்வரத்தைச் சட்ஜமமாக வைத்துச் செய்ததில், வரிசையாக வாசித்தால் வருவது சங்கராபரணம். சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும், அதாவது ரி, த இரண்டின் தாழ்ந்த வகை, அதற்குள் இல்லவே இல்லை. வாயை எப்படி வளைத்தாலும் வராது, ஏனென்றால் ட்ரெமலோவில் ஸ்வரத்தை வளைப்பது நடைமுறையில் முடியாத காரியம். ஜப்பான், தைவான், கொரியாப் பக்கம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: சி ஒன்று, சி ஷார்ப் ஒன்று, இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வாயை மேலும் கீழுமாக மாற்றி வாசிப்பார்கள். சரளி வரிசை அப்போது வந்துவிடும். இரண்டு சாதாரண ட்ரெமலோ சேர்ந்தாலும் ஒரு குரோமேட்டிக்கின் விலை ஆகாது என்பதால் கணக்காகப் பார்ப்பவர்களுக்கு இது நல்ல யோசனையாகப் படலாம். ஆனால் வேகமான சங்கதியில் இரண்டு வாத்தியத்துக்கு நடுவே தாவுவதற்கு வருடக்கணக்கில் கை பழக வேண்டும். அந்த உழைப்பைப் போடத் தயாராக இருப்பவர் வேறு வாத்தியத்தில் அதைப் போட்டால் இன்னும் தூரம் போவார்.

எனக்கு ட்ரெமலோவிடம் இருக்கும் குறை வேறு. தம்பூரா ஆப்பைப் போட்டுக்கொண்டு அதோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள். இரண்டு ரீடும் ஒன்றோடு ஒன்று சேராமல் இருப்பதற்காகவே செய்த வாத்தியம் சுருதியோடு எப்படிச் சேரும்? சட்ஜமத்தில் நின்றால்கூட ஆடிக்கொண்டே இருக்கும். சுருதி சேர்ந்து பழகிய காதுக்கு அது ஒரு தொந்தரவு. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கேட்டு ரசிப்பதற்கு அதனால் ஒரு குறைவும் இல்லை, அது வேறு விஷயம்.

பாடம் கேட்பது

டயடானிக் உள்ளங்கையில் அடங்கிவிடும். பத்துத் துளை, இருபது ரீடு. பாப் டிலன் கழுத்துக் கம்பியில் மாட்டியிருப்பது இதுதான். அமெரிக்க ப்ளூஸ் இசையின் மவுத் ஆர்கன் பாணி வளர்ந்தது இதன் மேல்தான். ஹோனர் கம்பெனி ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஊரில் 1857-இல் தொடங்கியது. அதன் மரீன் பேண்ட் ரகம் 1896-இலிருந்து விற்பனையில் இருக்கிறது. இவ்வளவு நீண்ட பாரம்பரியம் இருப்பதால் பாடங்களும் புத்தகங்களும் கொட்டிக் கிடக்கின்றன.

எங்கள் அடுக்ககத்தில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கர்நாடக சங்கீதத்தில் நல்ல கேள்வி ஞானம். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரு நல்ல டயடானிக் வாங்கி அனுப்பியிருந்தான். இரண்டு நாள் கழித்து என்னை லிஃப்டில் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, கீழ மத்யமமே வர மாட்டேங்குது. பீஸ் டிபெக்டா?"

"இல்ல சார், அது அப்படித்தான்."

"அப்படித்தான்னா?"

லிஃப்ட் மூன்றாவது மாடிக்குப் போவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. மாலையில் அவர் வீட்டுக்குப் போய் விளக்கினேன். சி ஸ்கேல் டயடானிக்கில் முதல் மூன்று துளைகளில் கிடைப்பவை ச, ரி, க, ப, நி. மத்யமமும் தைவதமும் கிடையாது. நடு ஸ்தாயியில், அதாவது நாலாவது துளையிலிருந்து ஏழாவது வரை, ஏழு ஸ்வரமும் முழுதாக இருக்கும். மேல் ஸ்தாயியில் நிஷாதம் இல்லை. ஜெர்மானிய நாட்டுப்புறப் பாட்டுக்குப் பின்னணியாக இரண்டு கார்டு, அதாவது பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டு, வாசிக்க வசதியாகத்தான் அந்தக் காலத்தில் இப்படி அடுக்கினார்கள். முதல் மூன்று துளையைச் சேர்த்து ஊதினால் சி மேஜர் கார்டு. இரண்டு, மூன்று, நாலை இழுத்தால் ஜி மேஜர் கார்டு. கார்டு சுத்தமாகக் கேட்பதற்காகச் சில ஸ்வரங்களைத் தியாகம் செய்துவிட்டார்கள்.

பெரியவர் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ச ரி க ப நி... அட, ஹம்சத்வனி!" என்றார். அப்புறம், "அப்போ கீழ கச்சேரியோட முதல் பாட்டு மட்டும் வாசிக்கலாம்னு சொல்லு." நிஜம்தான். கீழ் ஸ்தாயி ஹம்சத்வனி, நடு ஸ்தாயி சங்கராபரணம், மேல் ஸ்தாயியில் நிஷாதம் போய்விடுவதால் ச ரி க ம ப த ச, அதாவது காம்போதியின் ஆரோகணம். ஒரே வாத்தியத்தில் மாடிக்கு ஒரு ராகம் குடியிருக்கிறது.

இல்லாத ஸ்வரங்களை வரவழைக்க வழி இருக்கிறது, பெண்டிங் என்பார்கள். காற்றை இழுக்கும்போது நாக்கையும் தொண்டையையும் ஒரு விதமாக மாற்றினால் ஸ்வரம் கீழே இறங்கும். சரளி வரிசைக்கு நாலாவது துளை இழுப்பை அரை ஸ்வரம் இறக்கினால் சுத்த ரிஷபம், ஆறாவது துளை இழுப்பை இறக்கினால் சுத்த தைவதம். ஆக, டயடானிக்கில் மாயாமாளவகௌளை சாத்தியம்தான். ஆனால் அந்த இரண்டு ஸ்வரமும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து உட்கார வேண்டும். ப்ளூஸில் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போவது அழகு, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். சரளி வரிசையில் ரிஷபம் வழுக்கினால் எதிர் வீட்டுப் பாட்டியே ஜன்னலைத் திறந்துவிடுவார்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மூன்று வகையிலும் நம் ஜாருவுக்கு மிக அருகே வருவது இந்த டயடானிக்தான். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இழைத்து இறங்குவது பெண்டிங்கில் இயல்பாக வருகிறது. ஆனால் எல்லாத் துளையிலும் இல்லை. ஐந்தாவது துளை அரை ஸ்வரம்கூட முழுதாக இறங்காது. எந்த ஸ்வரத்துக்கு வளைவு வேண்டும் என்பதை ராகம் முடிவு செய்ய வேண்டும். இங்கே வாத்தியம் முடிவு செய்கிறது.

தொடக்கத்தில் இன்னொரு இடறலும் உண்டு. இரண்டாவது துளையை இழுத்தால் பலருக்குச் சத்தமே வராது, இல்லையென்றால் அடைத்த மாதிரி வரும். வாத்தியம் பழுது என்று நினைத்துத் திருப்பித் தரக் கிளம்பிவிடுவார்கள். வாயை இறுக்கி வலிந்து இழுப்பதால் தெரியாமலே பெண்ட் ஆவதுதான் காரணம். தாடையைத் தளர்த்தி, கொட்டாவி விடுகிற மாதிரி தொண்டையைத் திறந்து மெதுவாக இழுத்தால் வரும்.

விலையில் நடுத்தரம். ஆயிரத்துக்குக் கீழே கிடைப்பவை காற்றை ஒழுக விடும், பெண்டிங் வராது. ஹோனர் ஸ்பெஷல் 20, சுசுகியின் நடுத்தர ரகம், லீ ஆஸ்கர் என்று போனால் இரண்டாயிரத்துச் சொச்சத்திலிருந்து நாலாயிரம், ஐயாயிரம் வரை ஆகும். ஆனால் செலவு அதோடு நிற்காது. ஒவ்வொரு ஸ்கேலுக்கும் தனி வாத்தியம் வேண்டும். நம் ஊர்ச் சுருதிக் கணக்கில் சி என்றால் ஒரு கட்டை, டி என்றால் இரண்டு கட்டை, ஜி என்றால் ஐந்து கட்டை. அண்ணன் ஒரு கட்டையில் பாட அண்ணி ஐந்தரையில் பாடினால் இரண்டு வாத்தியம் வாங்கியாக வேண்டும்.

ஏழு ஸ்வரத்துக்குள் எவ்வளவு தூரம்?

பொத்தான் இல்லாத வாத்தியத்தில் ஒன்றுமே வராது என்று நினைத்துவிடக் கூடாது. நம் ஊர்க்காரருக்கு இங்கே ஓர் அனுகூலம் இருக்கிறது: கிரக பேதம். சங்கராபரணத்தின் அதே ஏழு ஸ்வரங்களை வைத்துக்கொண்டு ஆதார சட்ஜமத்தை மட்டும் நகர்த்தினால் ராகம் மாறிவிடும். சி ஸ்கேல் வாத்தியத்தில் ரிஷபத்தைச் சட்ஜமமாகக் கொண்டால் கரஹரப்ரியா, காந்தாரத்தைக் கொண்டால் தோடி, மத்யமத்தைக் கொண்டால் கல்யாணி, பஞ்சமத்தைக் கொண்டால் ஹரிகாம்போதி, தைவதத்தைக் கொண்டால் நடபைரவி. ப்ளூஸ் வாசிப்பவர்கள் சி வாத்தியத்தை வைத்துக்கொண்டு ஜி-யில் வாசிப்பார்கள், கிராஸ் ஹார்ப் என்று அதற்குப் பெயர். அவர்கள் நின்றுகொண்டிருப்பது நம் கணக்கில் ஹரிகாம்போதியில்.

ஐந்து ஸ்வர ராகங்களுக்கு இன்னும் தாராளம். மோகனத்தை சி, எஃப், ஜி மூன்று இடத்திலும் வாசிக்கலாம். மத்யமாவதியை டி, ஜி, ஏ-யில். ஹிந்தோளத்தை ஏ-யிலும் ஈ-யிலும். சுத்த தன்யாசியும் ஆபோகியும்கூட மாட்டிக்கொள்ளும். பெரிய பெரிய ஹிட்டுகள் இந்த ராகங்களில் எத்தனை வந்திருக்கின்றன என்று சினிமாப் பாட்டு கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றுக்கு ஒரு ட்ரெமலோவே போதும்.

போதாமல் போகும் இடங்கள் எவை என்றால் கீரவாணி, சாருகேசி, சண்முகப்ரியா, சிம்மேந்திர மத்யமம், அப்புறம் நம் மாயாமாளவகௌளை. இவற்றின் ஸ்வர இடைவெளிகள் சங்கராபரணத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் கிடைக்காது. சிந்து பைரவியில் ஒரு மெட்டு என்றால் கேட்கவே வேண்டாம், பன்னிரண்டு ஸ்தானத்தையும் தொட்டுவிட்டு வரும். இதற்கு மேல் சினிமாப் பாட்டுக்கே உரிய இன்னொரு வழக்கம் இருக்கிறது: பல்லவி ஒரு ராகத்தில் போய்க்கொண்டிருக்கும், சரணத்தில் ஓர் அந்நிய ஸ்வரம் வந்து உட்காரும். அந்த ஒரு ஸ்வரத்துக்காகத்தான் பாட்டே பிடித்திருக்கும். அது வாத்தியத்தில் இல்லையென்றால் வாசித்து என்ன பயன்?

கீரவாணிப் பைத்தியம் மட்டும் பிடித்தவருக்கு ஒரு தகவல். லீ ஆஸ்கர் டயடானிக்கில் ஹார்மோனிக் மைனர் என்று தனி ரகமே இருக்கிறது. அது கீரவாணியின் ஸ்வரங்களோடு வருகிறது. ஒரே ராகத்துக்காக ஒரு வாத்தியமா என்று வீட்டில் கேட்பார்கள். பதிலை நீங்களே தயார் செய்துகொள்ளுங்கள்.

பாட்டு கேட்பது

குரோமேட்டிக்கை எடுத்துக்கொள்வோம். பெல்ஜியத்தின் டூட்ஸ் தீல்மான்ஸ் ஜாஸ் வாசித்ததும், ஸ்டீவி வொண்டர் வாசிப்பதும் இதில்தான். 12 துளை, மூன்று ஸ்தாயி, 48 ரீடு என்பது வழக்கமான அளவு. 16 துளை, நாலு ஸ்தாயி ரகமும் உண்டு, தொடக்கத்தில் தேவையில்லை. வலது ஓரத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் உள்ளே ஒரு தகடு நகர்ந்து, எல்லா ஸ்வரமும் அரை ஸ்வரம் ஏறும். விட்டால் ஸ்பிரிங் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும்.

இதில் சரளி வரிசை எப்படிப் போகிறது என்று பாருங்கள். முதல் துளை ஊதினால் ச. அதே துளை, அதே ஊதல், பொத்தானை அழுத்து: சுத்த ரிஷபம். பொத்தானை விட்டு இரண்டாவது துளை ஊது: காந்தாரம். அதே துளையை இழு: மத்யமம். மூன்றாவது துளை ஊது: பஞ்சமம். பொத்தான்: சுத்த தைவதம். நாலாவது துளையை இழு: நிஷாதம். அதையே ஊது: மேல் சட்ஜமம். நாலே துளை, இரண்டே இடத்தில் பொத்தான். ஐந்திலிருந்து எட்டு வரை அடுத்த ஸ்தாயி, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அதற்கடுத்தது, எல்லாம் அச்சு அசலாக இதே வரிசை. டயடானிக் போல மாடிக்கு மாடி சட்டம் மாறுவதில்லை. நாலு துளையைக் கற்றுக்கொண்டால் வாத்தியம் முழுதும் கற்றாயிற்று. சென்னையில் கீபோர்டுக்கும் கிதாருக்கும் தெருவுக்கு ஒரு கிளாஸ் இருக்கிறது, மவுத் ஆர்கன் சொல்லித்தரும் ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தானாகவே கற்கப் போகிறவருக்கு இந்த ஒழுங்கு பெரிய துணை.

கஷ்டம் மூச்சில் இருக்கிறது. மேலே சொன்ன வரியில் ச, ரி, க மூன்றும் ஊதல். இழுப்பு மத்யமத்திலும் நிஷாதத்திலும் மட்டும். உள்ளே வருவது கொஞ்சம், வெளியே போவது அதிகம் என்பதால் இரண்டு ஆவர்த்தனம் முடிவதற்குள் நெஞ்சு காலியாகிவிடும். வரிக்கு நடுவே மூக்கால் சட்டென்று மூச்சு எடுக்கப் பழக வேண்டும். பொத்தான் தகட்டின் ஓரங்களில் கொஞ்சம் காற்று கசிவதால் மற்ற இரண்டையும்விட இதற்குக் காற்றும் அதிகம் தேவை. ஆனால் துளைகள் டயடானிக்கைவிட அகலம், இடைவெளியும் அதிகம். ஒற்றை ஸ்வரம் பிடிப்பது பலர் பயப்படும் அளவுக்குக் கடினம் இல்லை.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது? பொத்தானை வேகமாக அழுத்தி விட்டால் அரை ஸ்வரத்துக்கு ஓர் அசைவு வரும். கம்பிதம் என்ற நடுங்கும் கமகத்துக்கு அதை வைத்து ஒப்பேற்றலாம், ஆனால் அது படிக்கட்டு, சரிவு இல்லை. ரீடு வாத்தியங்களின் மேல் இருக்கும் பழைய புகார் இதுதான். 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்து, தடையைத் தளர்த்த முப்பது வருடம் எடுத்துக்கொண்டதற்குப் பின்னால் இந்த வாதமும் இருந்தது. ஆகவே கச்சேரி பாணியில் கர்நாடக சங்கீதம் வாசிப்பதுதான் குறிக்கோள் என்பவருக்கு என் யோசனை: மவுத் ஆர்கனை விட்டுவிட்டு புல்லாங்குழல் வாங்குங்கள். குரோமேட்டிக்கைவிட விலை எவ்வளவோ குறைவு, ஆசிரியரும் பக்கத்துத் தெருவிலேயே கிடைப்பார்.

விலை என்றதும் குரோமேட்டிக் மிரட்டும். ஈஸ்ட்டாப், ஸ்வான் போன்ற சீனத் தயாரிப்புகள் சில ஆயிரத்தில் ஆரம்பிக்கின்றன. ஹோனர், சுசுகியின் பெயர்பெற்ற ரகங்கள் பதினைந்து இருபதாயிரத்தைத் தாண்டும். டாலரும் யூரோவும் ஏறினால் இதுவும் ஏறும். ட்ரெமலோவில் மலிவானதை வாங்கிச் சமாளிக்கலாம், இதில் முடியாது. மிக மலிவான குரோமேட்டிக்கில் தகடு சிக்கும், காற்று ஒழுகும், வால்வு ஒட்டும். கற்கிறவர் தன் மூச்சில்தான் கோளாறு என்று நினைத்து மனம் தளர்ந்துவிடுவார். நடுத்தர விலைக்குக் கீழே இறங்குவதாக இருந்தால் ட்ரெமலோவே மேல்.

உப்புக்காற்றும் ஏசியும்

மரத்தால் செய்த நடுச்சட்டம் உள்ள ரகங்கள் அழகானவை, குரலில் ஒரு கனிவு இருப்பதாகச் சொல்வார்கள். சென்னையின் ஈரப்பதத்துக்கு, அதுவும் ஐப்பசி கார்த்திகை மழைக்கு, பூச்சு இல்லாத மரம் உப்பிக்கொண்டு உதட்டை உரசும். பிளாஸ்டிக் நடுச்சட்டம் எடுங்கள், கவலை விட்டது. ஸ்பெஷல் 20-ஐ நான் முதலில் சொன்னது அதனால்தான். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி என்ன கதி ஆகிறது என்று தெரியும். பித்தளை ரீடும் அந்தக் காற்றில்தான் இருக்கிறது. ஜெர்மனியின் சைடல் கம்பெனி துருப்பிடிக்காத எஃகில் ரீடு செய்கிறது, விலைதான் கடிக்கும்.

குரோமேட்டிக்கின் பெரும்பாலான ரகங்களில் ரீடுகளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் வால்வுகள் ஒட்டியிருக்கும். நம் மூச்சு சூடு, வாத்தியம் குளிர்ச்சி என்றால் உள்ளே நீர் கோத்து வால்வு ஒட்டிக்கொள்ளும், ஸ்வரம் தாமதமாகப் பேசும். குளிர் நாட்டுக்காரர்கள் வாசிக்கும் முன் வாத்தியத்தைச் சூடாக்க என்னென்னவோ செய்வார்கள். நமக்குச் சித்திரை வெயிலே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. சிக்கல் ஏசி அறையில்தான். ஏசியில் கிடந்த வாத்தியத்தை எடுத்தவுடன் ஊதாமல், ஐந்து நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தால் போதும்.

எலியட்ஸ் கடற்கரையில் உட்கார்ந்து வாசிக்கும் கனவு எல்லோருக்கும் உண்டு. டயடானிக்கையோ ட்ரெமலோவையோ கொண்டுபோங்கள். குரோமேட்டிக்கின் தகட்டுக்குள் நாலு மணல் புகுந்தால் பிரித்துப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். எதுவானாலும் வாசிக்கும் முன் வாயைக் கொப்பளியுங்கள். பில்டர் காபி குடித்த வாயோடு ஊதினால் சர்க்கரை ரீடில் படியும். வாசித்த பிறகு உள்ளங்கையில் நாலு தட்டு தட்டி எச்சிலை வெளியேற்றி, ஃபேனுக்கு அடியில் கொஞ்ச நேரம் காயவிட்டு, அப்புறம் பெட்டியில் வையுங்கள்.

சரி, எதை வாங்குவது?

ஆர்வம் நிலைக்குமா என்று தெரியாதவர், குழந்தைக்கு வாங்குகிறவர், மோகனமும் மத்யமாவதியும் போதும் என்பவர்: சி ஸ்கேல் ட்ரெமலோ. நிலைக்கவில்லை என்றால் போனது சில நூறு ரூபாய். ப்ளூஸ், கன்ட்ரி, டிலன் பாட்டு என்று காது போகிறவருக்கு டயடானிக்கைத் தவிர வேறு பேச்சே இல்லை, அதுவும் சி-யில் ஆரம்பியுங்கள். பாடங்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. மற்றபடி சினிமாப் பாட்டு வாசிக்க ஆசை, ஒரு வருடமாவது விடமாட்டேன் என்ற உறுதி, கையில் ஓரளவு பணம் என்று மூன்றும் இருப்பவர் நேராக நடுத்தர விலை 12 துளை குரோமேட்டிக்குக்குப் போகலாம் என்பது என் கட்சி. "முதலில் ட்ரெமலோ, பிறகு டயடானிக், கடைசியில் குரோமேட்டிக்" என்று படிப்படியாக ஏறச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றிலும் துளை வரிசை வேறு வேறு. ஒன்றில் வாய் பழகியதை அடுத்ததில் மறக்க வேண்டியிருக்கும்.

பதிவோடு சேர்ந்து வாசிக்க முதலில் முயலாதீர்கள். பாட்டு இரண்டரைக் கட்டையில் இருக்கும், நீங்கள் ஒரு கட்டையில் பழகியிருப்பீர்கள். சுருதி மாற்றும் ஆப்பில் பாட்டை மூன்று அரை ஸ்வரம் இறக்கிக்கொண்டால் சி-யில் வந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் எண் குறிப்புகளிலும் எச்சரிக்கை தேவை: எந்த வகை வாத்தியத்துக்கு எழுதியது என்று பார்க்காமல் வாசித்தால் பாட்டு வேறு எங்கோ போகும். ஸ்வரம் தெரிந்தவர்கள் தாங்களே ச ரி க என்று எழுதிக்கொள்வது எவ்வளவோ மேல்.

வாங்கும் இடம் பற்றி. 1842-இல் தொடங்கிய, அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிகல் போன்ற வாத்தியக் கடைகளுக்கு நேரில் போவதில் ஒரு லாபம், கையில் எடுத்து எடை பார்க்கலாம், பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். வாயில் வைத்துப் பார்க்க எந்தக் கடையிலும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் தலைப்பில் குரோமேட்டிக் என்று போட்டிருப்பதை நம்பாமல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பக்கத்தில் பொத்தான் இல்லையென்றால் அது பெரும்பாலும் ட்ரெமலோதான். ஊதிய வாத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். அடுத்தவர் எச்சில் என்பது ஒரு பக்கம் இருக்க, அழுத்தி ஊதியே சுருதி இறங்கிப்போன ரீடுகளை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

புதிதாக வந்ததும் அன்றைக்கே ஒவ்வொரு துளையையும் மெதுவாக ஊதி, இழுத்து, குரோமேட்டிக் என்றால் பொத்தானோடு ஒரு முறை, பொத்தான் இல்லாமல் ஒரு முறை பாருங்கள். ட்யூனர் இல்லாமலே சுருதி பார்க்க ஒரு வழி இருக்கிறது. குரோமேட்டிக்கில் நாலாவது துளை ஊதலும் ஐந்தாவது துளை ஊதலும் ஒரே சட்ஜமம். எட்டும் ஒன்பதும் அப்படியே. டயடானிக்கில் இரண்டாவது துளை இழுப்பும் மூன்றாவது துளை ஊதலும் ஒரே பஞ்சமம். டயடானிக்கில் மாற்றி மாற்றி வாசித்துக் காதால் ஒப்பிடுங்கள். குரோமேட்டிக்கில் இரண்டு துளையையும் சேர்த்தே ஊதலாம். ஒன்றாகச் சேராமல் ட்ரெமலோ போல அலையடித்தால் பில்லை எடுத்துக்கொண்டு மறுநாளே கிளம்பிவிடுங்கள்.